தரிசு உளுந்தில் இலை முதுமையைத் தள்ளிப்போடுவது: தெளிப்பு, அளவு, சோதனை

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு முன் நெற்பயிருக்குள்ளேயே தெளித்த உளுந்து, 40, 45 நாள் வரை கரும்பச்சையாக நிற்கும். அதன் பிறகு கீழிலைகள் வெளுக்கும், மஞ்சளாகும், உதிரும். காய் பருக்க வேண்டியதே அந்த நாட்களில்தான். மேல்கொத்துக் காய்கள் சப்பையாக நிற்பதற்கும், ஒரு காயில் ஆறு ஏழு விதை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நான்கோடு நின்றுவிடுவதற்கும் பெரும்பாலும் இந்த அவசரப் பழுப்புதான் காரணம். இதை எவ்வளவு தள்ளிப்போடலாம், எதைத் தெளித்தால் என்ன ஆகிறது, தெளித்தது வேலை செய்ததா என்பதைச் சொந்தக் கொல்லையில் எப்படி அளந்து தெரிந்துகொள்வது என்பதற்கான செய்முறை இது.

இலை ஏன் பழுக்கிறது

இலை பழுப்பது கெட்டுப்போவதல்ல. செடி தானே திட்டமிட்டுச் செய்யும் கலைப்பு வேலை. முதலில் பச்சையம் இருக்கும் பசுங்கணிகம் பிரிக்கப்படுகிறது. உட்கருவும் ஆற்றல் தரும் உறுப்புகளும் கடைசிவரை உயிரோடு இருந்து அந்த வேலையை நடத்துகின்றன. இலையில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கு பசுங்கணிகத்தில்தான் இருக்கிறது. அதிலும் ருபிஸ்கோ என்கிற ஒரே புரதம் பெரும் பங்கை வைத்திருக்கிறது. செடி அதை உடைத்து, அமினோ அமிலமாக்கி, விதைக்கு அனுப்புகிறது.

உளுந்துக்கு இந்த நெருக்கடி ஏன் கடுமையாக வருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். உளுந்து விதையில் புரதம் ஏறக்குறைய 24 சதம். புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் தழைச்சத்து: 3.84 சதம். ஏக்கருக்கு 250 கிலோ மகசூல் என்றால் விதைக்குள் மட்டும் 9.6 கிலோ தழைச்சத்து போய்ச் சேர வேண்டும். இது எங்கிருந்து வரும்? காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா வாழும் வேர்முடிச்சு தர வேண்டும். ஆனால் காய் பிடித்ததும் இலை தயாரிக்கும் சர்க்கரையைக் காய் இழுத்துக்கொள்கிறது. முடிச்சுக்குப் போவது குறைகிறது. பூக்கும் சமயத்தில் செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. அதே வயலில் 50 நாளில் கிள்ளினால் பல முடிச்சுகள் உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும், அழுத்தினால் நசுங்கும். மேல்மண் காய்ந்துவிட்ட வயலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். முடிச்சு கைவிட்டதும் செடி இலையில் கைவைக்கிறது.

இதோடு ஹார்மோன் கணக்கு. வேர்நுனி சைட்டோகைனின் தயாரித்து மேலே அனுப்பும். அது வந்துகொண்டிருக்கும்வரை இலை இளமையாக இருக்கும். மண் காய்ந்தால் அது குறைந்து, அப்சிசிக் அமிலம் கூடுகிறது: இலைத்துளை மூடும், பழுப்பு தொடங்கும். தண்ணீர் தேங்கினாலும் பழுக்கும், ஆனால் வேறு வழியில். மூச்சுத் திணறும் வேர், பழுக்கவைக்கும் வாயு ஹார்மோனான எத்திலீனின் முன்பொருளை மேலே அனுப்ப, இலையில் அது எத்திலீனாக மாறுகிறது. வறட்சியில் காய்ந்து கிடக்கிறதே என்று வெடித்த களிமண்ணில் மடை திறந்து இரண்டு நாள் தண்ணீர் நிற்க விட்டால், அடுத்த வாரம் வயல் முன்பைவிட மஞ்சளாவது இதனால்தான்.

எந்த மஞ்சள்?

தெளிப்பானைத் தூக்குவதற்கு முன் பத்து நிமிடம் இதற்குச் செலவிட வேண்டும். முதுமை மஞ்சள் கீழிலையில் தொடங்கி, இலை முழுக்க ஒரே சீராக வெளுத்து, மேலே ஏறும். நுனி இலையில் பளிச்சென்று மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக இருந்தால் அது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிறது. எந்த ஊட்டக் கரைசலும் அதைத் திருப்பாது. இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி வெளுத்தும் இருந்தால் இரும்புப் பற்றாக்குறை. அதே அடையாளம் கீழிலையில் என்றால் மெக்னீசியம். கீழிலை ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்து (பொட்டாசியம்).

நாலு செடி இங்கே, ஆறு செடி அங்கே என்று கூட்டமாகத் தலை தொங்கி மஞ்சளானால் பிடுங்கிப் பாருங்கள். ஆணிவேர்ப் பட்டை நாராகக் கிழிந்து, உள்ளே கரும்புள்ளிகள் தெரிந்தால் வேர் அழுகல். மண் சூடும் வறட்சியும் சேரும்போது வரும் பூசணம் அது. அங்கே டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) அடிப்பது காசுக்குக் கேடு.

வறட்சியைக் கண்டுபிடிக்க உச்சி வெயில்தான் நேரம். உளுந்து இலைக்காம்பும் சிற்றிலையும் சேரும் இடத்தில் சிறிய தடிப்பு ஒன்று உண்டு. நீர் குறையும்போது அது சிற்றிலையைத் திருப்பி, வெயிலுக்குத் தட்டையான முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டும். நிமிர்ந்து நிற்கும் சிற்றிலைகளின் அடிப்புற வெளிர்நிறம் தெரிவதால், வரப்பிலிருந்து பார்த்தால் வயல் சாம்பல் பூத்தது போல இருக்கும். இது செடியின் தற்காப்பு, பயப்பட வேண்டாம். மறுநாள் காலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். இலை விரிந்து பழைய நிலைக்கு வந்திருந்தால் இன்னும் அவகாசம் இருக்கிறது. காலையிலும் விறைத்து மடங்கியே இருந்தால் அந்த வயலுக்குத் தேவை தண்ணீர். உரக் கரைசல் அல்ல. அந்த நிலையில் 2 சதக் கரைசல் அடித்தால் இலை கருகும்.

தெளிப்புக்கு முன்பே முடிவாகும் பாதி

இலையைப் பச்சையாக வைப்பது மருந்தால் மட்டும் நடக்கும் காரியமல்ல என்பதற்கு நல்ல சான்று சோளத்தில் இருக்கிறது. எத்தியோப்பிய நாட்டுச் சோளத்திலிருந்து வந்த பி35 என்ற வகை, பூத்த பிறகு வரும் வறட்சியிலும் இலை பழுக்காமல் நிற்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதை ஆராய்ந்தவர்கள் கண்டது: அந்தப் பண்பைத் தரும் மரபணுப் பகுதிகள் செடியின் இலைப் பரப்பைப் பூக்கும் முன் அடக்கி வைக்கின்றன, அதனால் மண்ணில் தண்ணீர் மிச்சமாகிறது, கதிர் பால் பிடிக்கும்போது அது கைகொடுக்கிறது. பச்சை என்பது அங்கே நீர்ச் சேமிப்பின் விளைவு.

தரிசு உளுந்துக்கும் இதே கணக்கு. பாசனம் இல்லாத வயலில் விதைத்த அன்று மண்ணில் இருக்கும் ஈரமும், இரவுப் பனியும்தான் கைமுதல். சேற்றுழவு செய்த நிலம் என்பதால் கீழே இறுகிய தட்டு இருக்கும். வேர் ஆழம் போக முடியாது. ஆகவே அந்தக் கைமுதலை வீணாக்காமல் இருப்பதே முதல் வேலை.

மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, அறுவடைக்கு ஐந்து முதல் பத்து நாள் முன் விதைக்க வேண்டும். இயந்திர அறுவடை என்றால் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நல்லது. முளை நீண்ட பிறகு பெல்ட் வண்டி ஏறினால் நசுங்கும். ஈரம் அதிகமாக இருந்தால் விதை அழுகும், குறைந்தால் பாதி முளைக்காது. தை மாதத்தைத் தாண்டினால் காய் பிடிக்கும் பருவம் மார்ச் இறுதி வெயிலில் மாட்டிக்கொள்கிறது. பிந்தி விதைத்த வயலை எந்தத் தெளிப்பும் காப்பாற்றுவதில்லை.

விதை அளவு ஏக்கருக்கு 12 கிலோ. ஆடுதுறை 3 இந்தச் சூழலுக்கென்றே வந்த பழைய ரகம். 70 முதல் 75 நாள். விதையைக் கடினப்படுத்த 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) துத்தநாக சல்பேட் கரைசலில் 3 மணி நேரம் ஊறவைப்பார்கள். கரைசல் விதை எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 கிலோவுக்கு 4 லிட்டர். அதற்குத் தேவையான துத்தநாக சல்பேட் 0.4 கிராம்தான், எந்தக் கடைத் தராசிலும் நிறுக்க முடியாது. 4 கிராமை 1 லிட்டரில் கரைத்து, அதிலிருந்து 100 மில்லி எடுத்து 3.9 லிட்டர் தண்ணீரில் சேர்த்தால் சரியாக வரும். 3 மணி நேரத்துக்கு மேல் விட்டால் தோல் பிரிந்து பருப்பு இரண்டாகும். நிழலில் பழைய எடை வரும்வரை காய வைத்து, அதன் பிறகு ரைசோபியம் ஒரு பாக்கெட், பாஸ்போபாக்டீரியா ஒரு பாக்கெட், தலா 200 கிராம், ஆறிய கஞ்சியில் கலந்து பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். வரிசை மாறினால், அதாவது நுண்ணுயிர் பூசிய பிறகு ஊற வைத்தால், பூசியது கழுவிப் போகும்.

பலர் கவனிக்காமல் விடுவது மறுதாம்பு. அறுத்த நெல் தாளிலிருந்து கிளம்பும் துளிர் உளுந்தின் தண்ணீரைக் குடிக்கிறது. தாள் காய்ந்து நின்றால் மண்ணுக்கு நிழல். துளிர்த்து நின்றால் பகை. 15 முதல் 20 நாளில் குயிசலோபாப் எத்தில் 5 சத மருந்து ஏக்கருக்கு 400 மில்லி அடித்தால் புல்லினமான மறுதாம்பும் புல்களைகளும் அடங்கும், உளுந்துக்கு ஒன்றும் ஆகாது. இயந்திரம் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோலைக் கட்டி எடுங்கள், அல்லது மெல்லிதாகப் பரப்புங்கள். குவியலாக விட்டால் அடியில் முளை வெளுத்துச் சாகும்.

தெளிப்பானை அளவிடுவது

ஏக்கருக்கு 200 லிட்டர் என்பதை வைத்துத்தான் எல்லாப் பரிந்துரைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. 10 லிட்டர் கைத்தெளிப்பானில் 20 டேங்க். அப்படியானால் ஒரு டேங்க் 5 சென்ட் பரப்பை, அதாவது சுமார் 200 சதுர மீட்டரை முடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை நிரப்பி, தெளிக்கும் ஆளின் வழக்கமான நடையில் நடக்கவிட்டு, எங்கே தீர்கிறது என்று பாருங்கள். ஒரு டேங்க் 8 சென்ட் போகிறது என்றால் அவர் ஏக்கருக்கு 125 லிட்டர்தான் அடிக்கிறார். நடையைக் குறைக்கச் சொல்லலாம், நாசிலை மாற்றலாம். கரைசலைக் கெட்டியாக்கக் கூடாது. இலைக்குக் கூம்பு வடிவில் நுண்துளி தரும் நாசில்தான் ஏற்றது. களைக்கொல்லிக்குப் பயன்படுத்தும் விசிறி நாசிலும் அந்த டேங்கும் இந்த வேலைக்கு வேண்டாம்.

விசைத்தெளிப்பானில் நடக்கும் விபத்து இது: ஏக்கருக்கு 60 லிட்டரில் வேலை முடிந்துவிடும், ஆனால் 4 கிலோ டி.ஏ.பி. முழுவதும் அதற்குள் கரைத்திருப்பார்கள். 2 சதம் 6.7 சதமாகிவிட்டது. மறுநாள் இலை ஓரம் பொரிந்திருக்கும். அதே கணக்கை ட்ரோனுக்குப் போட்டால் தலைகீழாக வரும். 10 லிட்டரில் 2 சதம் என்றால் ஏக்கருக்குப் போவது 200 கிராம் டி.ஏ.பி.; அதில் தழைச்சத்து 36 கிராம். அடித்ததும் அடிக்காததும் ஒன்றுதான்.

டி.ஏ.பி. 2 சதம்

ஏக்கருக்கு 4 கிலோ. முதல் நாள் மாலை பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒருமுறை கலக்கி மூடிவைக்க வேண்டும். காலையில் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் இறுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். அடியில் நிற்கும் மண்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளியவிட்டு, அதையும் சேர்த்து மொத்தம் 10 லிட்டராக்கிக்கொள்ளலாம். டேங்குக்கு அரை லிட்டர் தெளிவு, ஒன்பதரை லிட்டர் தண்ணீர். மண்டியைத் தென்னைக்குப் போடலாம். காலையில் ஊறப்போட்டு மாலையில் அடிக்கலாம் என்ற குறுக்குவழியில் குருணை முழுதாகக் கரைவதில்லை, வடிகட்டவும் முடிவதில்லை, நாசில் அடைப்பெடுக்கவே நேரம் போகும்.

தண்ணீர் கடினமாக இருந்தால் டேங்குக்குள்ளேயே பால் போலத் திரியும். கால்சியம் பாஸ்பேட் அது. வாய்க்கால் அல்லது குளத்து நீரை எடுத்துக்கொள்ளலாம். துத்தநாக சல்பேட்டையும் கால்சியம் உள்ள எதையும் இதில் சேர்க்கக் கூடாது. டி.ஏ.பி. கரைசல் காரத்தன்மை உள்ளது என்பதால் பூச்சிமருந்தையும் ஒரே டேங்கில் கலக்காமல் இருப்பது நல்லது.

பூ தொடங்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை. மாலை 4 மணிக்குப் பிறகு. வெயிலில் அடித்தால் துளி உறிஞ்சப்படுவதற்கு முன் உலர்ந்து, உப்புப் படிகமாக இலைமேல் நின்று பொசுக்கும்.

இப்போது அந்தக் கணக்குக்குத் திரும்பலாம். டி.ஏ.பி.யில் தழைச்சத்து 18 சதம். இரண்டு தெளிப்பு சேர்ந்து 8 கிலோ, தழைச்சத்து 1.44 கிலோ. விதைக்குத் தேவை 9.6 கிலோ. சிந்தாமல் சிதறாமல் அத்தனையும் உள்ளே போனாலும் 15 சதம்தான். ஆகவே டி.ஏ.பி. தெளிப்பு இலையைக் கலைக்கும் அவசரத்தைக் கொஞ்சம் தணிக்கிறது, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கொடுக்கிறது; அவ்வளவே. முடிச்சே இல்லாத செடிக்கு அது மாற்று அல்ல.

மற்ற தெளிப்புகள்

பொட்டாசியம் குளோரைடு 1 சதம்: 200 லிட்டருக்கு 2 கிலோ. இலைத்துளையைத் திறந்து மூடும் காவல் செல்களுக்குப் பொட்டாசியம்தான் விசை. வறட்சி வரப்போகிறது என்று தெரியும்போது அடித்தால் பலன், வாடிய பிறகு அல்ல. கடைமடையில் உப்புத் தன்மை உள்ள நிலத்தில் இலைமேல் மேலும் குளோரைடு போடுவதில் எங்களுக்கு விருப்பமில்லை. அங்கே பொட்டாசியம் சல்பேட் மேல்.

பி.பி.எஃப்.எம். என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் இளஞ்சிவப்பு நிற பாக்டீரியா: ஏக்கருக்கு 500 மில்லி, 200 லிட்டரில். இது மெத்திலோபாக்டீரியம். இலையின் செல்சுவரிலுள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் வெளியேறுகிறது. இந்த பாக்டீரியா அதை உண்டு இலைமேலேயே வாழ்ந்து, சைட்டோகைனின் சுரக்கிறது. சைட்டோகைனின் இலை முதுமையைத் தடுக்கும் என்பது பழைய சேதிதான். 1995-ல் விஸ்கான்சினில் புகையிலைச் செடியில், பழுக்கத் தொடங்கும் இலையில் மட்டும் சைட்டோகைனின் உண்டாகும்படி மரபணு அமைத்தபோது இலை பழுப்பதே வெகுவாகத் தள்ளிப்போனது. பி.பி.எஃப்.எம். அதைவிட மென்மையான வழி. உயிருள்ள பொருள் என்பதால் பூசணக்கொல்லி, பூச்சிமருந்து, உரக் கரைசல் எதனோடும் கலக்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒரு வாரம் இடைவெளி விட வேண்டும். களைக்கொல்லி அடித்த டேங்கில் ஊற்றுவதும், பாட்டிலை வெயிலில் வரப்பில் வைப்பதும்தான் இது "வேலை செய்யவில்லை" என்பதற்கு வழக்கமான காரணங்கள்.

பயறு ஒண்டர்: பூக்கும் பருவத்தில் ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டரில், ஒரே தடவை. ஊட்டமும் வளர்ச்சி ஊக்கியும் கலந்தது. பூ உதிர்வைக் குறைப்பதே இதன் முதல் வேலை. இதை அடித்தால் அதே வாரம் டி.ஏ.பி. வேண்டாம்.

என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி) 40 பி.பி.எம்.: கடையில் கிடைக்கும் 4.5 சத மருந்தில் மில்லிக்கு 45 மில்லிகிராம் இருக்கிறது. 200 லிட்டருக்கு 8 கிராம் வேண்டும். ஆக சுமார் 178 மில்லி. சாலிசிலிக் அமிலம் 100 பி.பி.எம்.: 200 லிட்டருக்கு 20 கிராம். தண்ணீரில் நேரடியாகப் போட்டால் மிதக்கும். 100 மில்லி ஸ்பிரிட்டில் முதலில் கரைத்து, அந்தக் கரைசலைத் தண்ணீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். சாலிசிலிக் அமிலத்தில் மட்டும் கை தாராளம் கூடாது. குறைந்த அளவில் அது செடியின் தற்காப்பை முடுக்குகிறது. கூடினால் அதுவே இலை முதுமையைத் தூண்டும் பொருள்.

கட்டம் பிரித்து ஒப்பிடுவது

முழு வயலுக்கும் அடித்துவிட்டு "இந்த வருடம் நன்றாக இருந்தது" என்றால் எதுவும் தெரிந்ததாகாது. ஒரு ஓரத்தில் 4 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டங்கள் 12 போடுங்கள். நான்கு சிகிச்சை, ஒவ்வொன்றும் மூன்று இடத்தில்: வெறும் தண்ணீர், டி.ஏ.பி., பி.பி.எஃப்.எம்., பயறு ஒண்டர். வெறும் தண்ணீர்க் கட்டத்துக்கும் மற்றவற்றைப் போலவே தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒன்றும் அடிக்காமல் விட்டால் ஈரத்தின் பலனையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். வாய்க்கால் பக்கம் ஈரம், மேட்டுப் பக்கம் காய்ச்சல் என்று இருந்தால், வாய்க்காலிலிருந்து விலகும் தூரத்தை வைத்து வயலை மூன்று பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் நான்கு சிகிச்சையும் வருமாறு சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள்.

20 சதுர மீட்டருக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் வீதம் கணக்கிட்டால் 1 லிட்டர். ஆகவே கட்டத்துக்கு 1 லிட்டர், டி.ஏ.பி. என்றால் 20 கிராம். பக்கத்துக் கட்டத்துக்குச் சாரல் போகாமல் இருக்கத் தார்ப்பாய் ஒன்றைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். கட்டங்களுக்கிடையே ஒரு மீட்டர் விடுவதும் உதவும்.

பூக்கும்போது கட்டத்துக்கு 10 செடிக்குக் கம்பளி நூல் கட்டுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்டின் அடியிலிருந்து மேலே எண்ணி, பாதிக்கு மேல் பச்சையாக உள்ள இலை எத்தனை, உதிர்ந்த தழும்பு எத்தனை, காய் எத்தனை என்று எழுத வேண்டும். காய் எண்ணிக்கையை விட்டுவிட்டு இலையை மட்டும் எண்ணினால் ஏமாறுவோம். ஏன் என்று பார்க்க விரும்பினால், கட்டத்துக்கு வெளியே ஐந்து செடியைத் தேர்ந்து, வரும் காயை எல்லாம் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். பக்கத்துச் செடிகள் பழுத்து உதிரும்போது இந்த ஐந்தும் கரும்பச்சையாக, தடித்த இலையோடு நிற்கும். சோயாவில் பலமுறை செய்து பார்க்கப்பட்ட பரிசோதனை இது. காய்ப்புழு தின்ற வயலும், பூ கொட்டிய வயலும் பச்சையாக நிற்பதற்கு இதே காரணம். அந்தப் பச்சையைப் பார்த்துத் தெளிப்பு வேலை செய்தது என்று பக்கத்து வயல்காரருக்கும் சிபாரிசு செய்தவர்கள் உண்டு.

பச்சையாக இருக்கும் இலை எல்லாம் வேலை செய்யும் இலை என்றும் சொல்ல முடியாது. மெண்டல் 1866-ல் எழுதிய பட்டாணிக் கணக்கில் வரும் பச்சைப் பருப்பு இதற்கு உதாரணம். பச்சையத்தின் நடுவிலிருக்கும் மெக்னீசியத்தை உருவி, அதைச் சிதைக்கத் தொடங்கும் மரபணு அதில் பழுது. நிறம் போகாது, ஆனால் உணவு தயாரிக்கும் திறன் மற்றச் செடியைப் போலவே இறங்கும்.

இலையில் எவ்வளவு தண்ணீர்

கண்ணை மட்டும் நம்பாமல் இருக்க, ஒப்பு நீர் அளவு என்ற சோதனை கைக்கு எட்டியது. தேவை: 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, ஜிப் கவர், ஐஸ் போட்ட பெட்டி, அகலப் பாத்திரம், டிஷ்யூ தாள்.

பகல் 11 முதல் 1 மணிக்குள், மேலிருந்து மூன்றாவது விரிந்த இலையின் நடுச் சிற்றிலையை, கட்டத்துக்கு 10 எடுத்து உடனே கவரில் போட்டுக் காற்றை அழுத்தி மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் கையில் வைத்திருந்த இரண்டு நிமிடமே எண்ணை மாற்றிவிடும். வீட்டில் முதல் எடை. பிறகு தண்ணீரில் மிதக்கவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் 4 மணி நேரம். எடுத்து இருபுறமும் டிஷ்யூவில் ஒற்றி இரண்டாம் எடை. கடைசியாக 70, 80 டிகிரி அடுப்பில் ஒரு நாள். அடுப்பு இல்லாவிட்டால் தகர டப்பாவில் மொட்டை மாடி வெயிலில், இரண்டு முறை நிறுத்தும் எடை மாறாத நிலை வரும்வரை.

உதாரணம்: முதல் எடை 4.60, ஊறிய எடை 5.50, காய்ந்த எடை 1.00. (4.60 − 1.00) ÷ (5.50 − 1.00) = 0.80, அதாவது 80 சதம். நன்றாகத் தண்ணீர் கிடைக்கும் இலையில் 85-க்கு மேல் இருக்கும். 70-க்குக் கீழே போனால் நிலைமை கடுமை.

கெடுவது பெரும்பாலும் ஒற்றும் இடத்தில்தான். உளுந்து இலையில் மயிர் உண்டு. அதற்கிடையே நீர் ஒட்டிக்கொண்டு ஊறிய எடையைக் கூட்டும், விடை தவறாகக் குறையும். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே ஆள், ஒரே அழுத்தத்தில் ஒற்ற வேண்டும். இரவு முழுக்க ஊறவிடுவதும் தவறு. இலைக்குள் காற்றறைகளிலும் தண்ணீர் புகுந்துவிடும்.

தட்டில் ஒரு இருட்டுச் சோதனை

ஒரு கரைசலுக்கு முதுமையைத் தடுக்கும் குணம் இருக்கிறதா என்று வயலுக்கு முன் வீட்டில் பார்க்கலாம். ஒரே கணுவிலிருந்து எடுத்த சிற்றிலைகள், ஈர டிஷ்யூ விரித்த மூடிபோட்ட தட்டுகள், ஓர் அட்டைப்பெட்டி. ஒரு தட்டுக்கு வெறும் தண்ணீர். இன்னொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு இளநீர், வடிகட்டியது. இளநீரில் சைட்டோகைனின் உண்டு; திசு வளர்ப்பில் 1940-களிலிருந்து பயன்படுவது. தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்தது) அடிப்பவர்கள் அதையும் ஒரு தட்டில் வைத்துப் பார்க்கலாம். இலையைக் கரைசலில் பத்து நிமிடம் நனைத்து, துடைத்து, ஈர டிஷ்யூமேல் வைக்க வேண்டும். கரைசலிலேயே கிடத்தினால் சர்க்கரையில் பூசணம் பிடித்து மூன்றாம் நாளே நாறும். ஐந்து நாள் இருட்டில் வைத்துவிட்டு, வெள்ளைத் தாள்மேல் அடுக்கி ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து ஒப்பிடுங்கள். நிறத்தை இன்னும் தெளிவாகப் பார்க்க, காகிதத் துளையிடும் கருவியால் தட்டுக்குப் பத்து வட்டம் வெட்டி, 10 மில்லி ஸ்பிரிட்டில் இருட்டில் ஓர் இரவு வைத்தால் பச்சையம் இறங்கிவிடும். குப்பிகளை வரிசையாக வைத்து ஒப்பிடலாம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. வேரிலிருந்து அறுத்து இருட்டில் வைத்த இலை பட்டினியால் பழுக்கிறது. வயலில் பழுப்பது காயின் இழுப்பால். தட்டில் ஜெயித்தது வயலில் தோற்பதைச் சகஜமாக எதிர்பார்க்கலாம்.

எதுவரை தள்ளிப்போடுவது

முழுதாகத் தள்ளிப்போட்டால் நல்லது என்று நினைக்கக் கூடாது. கோதுமையில் 2006-ல் கண்டறிந்த ஒரு மரபணு, காட்டு எம்மர் கோதுமையிலிருந்து வந்தது, இலையைச் சீக்கிரம் பழுக்கவைத்துப் புரதத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் மணிக்கு அனுப்புகிறது. அதையும் அதன் உறவு மரபணுக்களையும் அடக்கியபோது இலை மூன்று வாரத்துக்கு மேல் பச்சையாக நின்றது. மணியில் புரதமும் அந்த இரண்டு சத்துகளும் 30 சதத்துக்கு மேல் குறைந்தன. இலை கடைசியில் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

உளுந்தில் தேவை, முதல் காய் பருக்கத் தொடங்குவதிலிருந்து மேல்கொத்து முற்றும்வரை நடு, மேல் இலைகள் ஓடுவது. 60 நாளுக்குப் பிறகு பச்சையை நீட்டிக்க எதுவும் தெளிக்க வேண்டாம். அப்போது ஊட்டினால் புதுப் பூ வரும், கீழ்க்காய் கருத்து வெடிக்க, மேலே பிஞ்சு நிற்கும். எப்போது அறுப்பது என்றே முடிவெடுக்க முடியாது. காய்ந்த காயோடு நிற்கும் வயலில் கோடை மழை ஒன்று விழுந்தால் விதை காயிலேயே முளைக்கும்.

பத்தில் எட்டுக் காய் கருத்ததும் அறுக்கலாம். ஒப்பீட்டுக் கட்டங்களில் ஓரத்தில் அரை மீட்டர் விட்டு உள்பரப்பு 12 சதுர மீட்டரை மட்டும் தனியாக அறுத்து, தனித்தனிச் சாக்கில் கட்டி, தட்டித் தூற்றி, ஒன்றாகக் காய வைத்த பிறகு நிறுக்க வேண்டும். ஏக்கருக்கு 250 கிலோ வயலில் அந்த உள்பரப்பு சுமார் 740 கிராம் தரும். 50 கிராம் வித்தியாசம் என்பதே 7 சதம். சாக்கில் ஒட்டிய பொட்டும் சரியாகக் காயாத ஈரமும் அதை எளிதில் உண்டாக்கிவிடும். மூன்று கட்டங்களிலும் ஒரே பக்கமாக வித்தியாசம் வந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். இரண்டில் கூடி ஒன்றில் குறைந்திருந்தால் அடுத்த தையிலும் அதே கட்டங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். நூறு விதை எடையையும் தனியே நிறுத்து வைப்பது நல்லது: இலை நின்றதால் விதை பருத்ததா, பூ நின்றதால் காய் கூடியதா என்பதை அது பிரித்துக் காட்டும்.